பொகவந்தலாவையில் ஓர் எகிப்துக் குடுவை

எகிப்துக்குப் போக எனக்கு விசாவும் இல்லை, வசதியும் இல்லை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றில், எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள் செய்த மண்பாண்டங்கள் இருப்பதாக நண்பர் சொன்னதும், ஆகஸ்ட் விடுமுறையில் கிளம்பிவிட்டேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். வளைவுகளில் வயிறு புரளும். காலைச் சாப்பாட்டை ஒரு ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பங்களாவின் சாவி செல்வி அக்காவிடம் இருக்கிறது. முன்பு கொழுந்து பறித்தவர், இப்போது காட்சி அறையைப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் காலத் துரை ஒருவர் கப்பலில் வரும் வழியில் எகிப்தில் வாங்கிய பாண்டங்கள் அவை. செங்காவி பூசிய சாடி, மீன் வரைந்த தட்டு. எனக்குப் பிடித்தது உள்ளங்கையளவு குடுவை ஒன்று. அதில் கைகளை விரித்தபடி ஒருவர் நிற்கிறார், காலடியில் இரண்டு மிருகங்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் செம்பருத்திப் பூ வைத்திருந்தது.

"நம்ம மாடசாமி, தம்பி. ரெண்டு பக்கமும் நாயி நிக்குது பாருங்க" என்றார் அக்கா. "மவளுக்கு விடியக்காலம் வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. ரெண்டு தடவ தங்காமப் போச்சு. இந்தத் தடவ இவருக்குச் சேவல் நேந்திருக்கேன். ஆமா, இந்த இங்கிலீசு அட்டையில என்னதான் போட்டிருக்கு? வாசிங்க."

என் வாய் சும்மா இருக்காது. இவர் ஒரு கிறிஸ்தவப் புனிதர், நிற்பவை ஒட்டகங்கள், அவர் கோயிலுக்கு யாத்திரை போனவர்கள் தீர்த்தம் கொண்டுவந்த குடுவை இது என்று வாசித்துவிட்டேன். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அப்ப ஆள் மாறிக் கேட்டுட்டேனா? வேதக்காரச் சாமி சேவல் எடுக்குமா தம்பி?"

அதன்பின் எப்படிக் கிளம்புவது? மூன்று மணி பஸ்ஸை விட்டேன். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாமி கும்பிடாத நானும் ஒரு தடவை உள்ளே போய்க் குடுவைக்கு முன்னால் நின்றேன். சொல்ல வெட்கமில்லை.

நாலரைக்கு மருமகன் பேசினார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அக்கா அழுதுகொண்டே உள்ளே ஓடினார்.

"இனி என்ன பேர் சொல்லிக் கும்பிடுவீங்க அக்கா?"

"மாடசாமின்னுதான். அந்தப் பேரச் சொல்லித்தானே கூப்புட்டேன், வந்தாருல்ல?"

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். செல்வி அக்காவிடம் எகிப்துக் குடுவை எங்கே என்று கேட்காதீர்கள். மாடசாமியைப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள்.