சல்பேற்றின் தலையில் இருந்த இரண்டு

மகளின் இரசாயனப் பாடத்தில் வரும் சல்பேற்றின் தலையில் பொடியாய் ஒரு இரண்டும் ஒரு சின்னக் கோடும் இருக்கும். அதை விட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்று நினைத்த மடையன் நான். அரை நூற்றாண்டு வயதில் நினைத்தேன் என்பதுதான் கூடுதல் கேவலம்.

மகள் பதினோராம் ஆண்டு. பல்லணு அயன்கள் பாடமில்லாதவர்கள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைக் கனவிலும் நினைக்கவேண்டாம் என்று அவளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் சொல்லிவிட்டார். அவளோ அந்தப் பிரிவுதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சில அணுக்கள் ஒன்றாய் ஒட்டிக்கொண்டு, மொத்தத்துக்கும் ஒரே மின்னேற்றத்தோடு திரிகிற கூட்டம்தான் இந்த அயன். பெயர் வேண்டும், சூத்திரம் வேண்டும், தலைக்கு மேலே அந்தப் பொடிக் குறியாய் ஏற்றமும் வேண்டும்.

நான் கல்முனை பசாரில் பகலெல்லாம் சீலை விரித்துக் காட்டி, மடித்து வைத்து முதுகு விட்டுப்போனவன். விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு, பால் ஊற்றாத பிளேன்டி ஒன்று போட்டு அவளுக்குக் கொடுத்து, பாதிக் கண்ணோடு பக்கத்தில் குந்துவேன். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதிய படிப்பு. ஆடி ஆடி, ராகமாய்.

“நைத்திரேற்று என் ஓ திரீ, சல்பேற்று எஸ் ஓ போர்…”

“வாப்பா, மேல இரிக்கிற ஏற்றம்?”

“அது ராகத்துக்குள்ள அடங்குதில்ல மகள். ஓதப்பள்ளியிலயும் முதல்ல எழுத்துத்தான். மேல்குறி, கீழ்குறியெல்லாம் பொறகுதானே தந்தாங்க. இதயும் பொறகு பாப்பம்.”

“ஓதப்பள்ளி லெவ்வை ஓதிக் குடுக்கத் தொடங்கிட்டாரு” என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அந்தப் ‘பொறகு’ வருவதற்கு முன் தவணைப் பரீட்சை வந்துவிட்டது. சேர் அயன்களை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. உப்புகளின் சூத்திரம் எழுதச் சொன்னார். சோடியம் சல்பேற்றில் சோடியம் ஒன்றா இரண்டா என்று சொல்வதே அந்தத் தலையிலிருக்கும் பொடி இரண்டுதானாம். மகள் எல்லா உப்பிலும் ஒன்றுக்கு ஒன்று என்றே போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சேரிடம் போய், பிழை புள்ளையினுடையது இல்லை, ராகத்தினுடையது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை இன்னொரு முறை எழுத விடுவதாகச் சொன்னார்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வழமைபோல அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஏற்றத்தையும் சேர்த்து ஒரு புது ராகம் யோசித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். சல்பேற்றின் தலையில் இரண்டை எழுதிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

“வாப்பா, நீங்க பிளேன்டி நல்லாப் போடுறீங்க. அத மட்டும் செய்ங்க.”