பக்கத்துக் கட்டில் அக்கா

நுவரெலியா ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் இருந்தார். விழித்ததும் கொழுந்து எடுப்பதுபோலப் போர்வையைக் கிள்ளி விரல்களைச் சோதிப்பார்.

கிருமிகளைத் தாக்கும்படி மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவும் 'உதவி டி செல்கள்', எங்கள் இருவருக்கும் சொந்த நரம்புகளையே தாக்க அவற்றை ஏவிவிட்டன என்றார் டாக்டர்.

அக்கா சிரித்தார். "எங்க தோட்டத்துல வேல காட்டுற கண்டாக்கையா மாதிரிங்க! வெட்டுறதுக்குப் போயி, கொழுந்து நிக்கிற மலைய மாத்திக் காட்டிட்டாரு, ஆளுங்க மொட்டையா வெட்டிப்புட்டாங்க."

அக்காவுடைய நோய் குணமாகும் வகை. என்னுடையது திரும்பத் திரும்ப வரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா கொண்டுவந்த என் கைக்குழந்தையை அதற்குள் கை தேறியிருந்த அக்கா ஒரு நாள் தூக்கிக் கொஞ்சினார்.

"என்கிட்ட தாங்க," என்றேன், பலமிழந்த என் கைகளால் பிடிக்க முடியாதென்று தெரிந்தும்.

என் மடியில் வைத்தவர், தன் கையைக் குழந்தையின் முதுகுக்கு அடியிலேயே விட்டிருந்தார். பார்த்தவர்களுக்கு நான் பிடித்திருப்பதாகவே தோன்றியிருக்கும். அந்தக் கைமேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.