கேட்டுக்கு வெளியே லில்லி அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை, நண்பன் தேவராஜைப் பார்க்கச் சிட்லபாக்கம் போனேன். கையில் ஆப்பிள், சாத்துக்குடி. போனால்... கேட் பூட்டியிருக்கிறது!

உள்ளே அவன் மனைவி ஸ்டெல்லா, மாஸ்க்கோடு. வெளியே, இரும்புலியூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய தேவராஜின் அக்கா லில்லி, கொதிப்போடு.

"கிட்னி குடுத்தவ நான். என்னையே ரோட்டுல நிக்க வெக்கிறியா?"

உண்மைதான். தேவராஜ் உடம்பில் வேலை செய்வது அக்காவின் கிட்னி. அதை உடம்பு வேற்று ஆள் என்று விரட்டிவிடக் கூடாதே... அதற்காக, எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்க ஆயுசுக்கும் மாத்திரை. போன மாதம் வேறு ஏதோ சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். அங்கேயே ஒரு கிருமி ஒட்டிக்கொண்டது. செப்சிஸ்! தொற்று உடம்பு முழுவதையும் ஆட்டிவைத்து, ஐசியு வரை கொண்டுபோய்விட்டது. பிழைத்து வந்ததே மறுபிறவி. 'இன்னொரு தொற்றை இவர் உடம்பு தாங்காது' என்று எச்சரித்துத்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

ஆனால், நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியுமா? ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். கூட்டமாகப் போவோம், கையைப் பிடிப்போம், தலையைத் தடவுவோம். எல்லாம் அன்புதான். அன்றைக்கு லில்லி அக்காவிடம் அன்போடு இருமலும் இருந்தது.

ஸ்டெல்லா ஸ்கூல் டீச்சர். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அதுவும் நாத்தனாரை எதிர்த்தா? சான்ஸே இல்லை. ஆனால் அன்று, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, பூட்டில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"அண்ணி, உங்க இருமல் உங்களுக்கு ரெண்டு நாள்ல சரியாயிடும். அவருக்கு வந்தா... சொல்லவே பயமா இருக்கு. நீங்க குடுத்ததைத்தான் அண்ணி நான் காவல் காக்கறேன்."

அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த தம்பியைப் பார்த்துக் கையசைத்தார். அவனும் அசைத்தான். கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்லை, உயிர் இருந்தால் போதும் என்று நிற்க நம்மில் எத்தனை பேரால் முடியும்... சொல்லுங்கள்?

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. சர்ச் ஜெபக்குழு. தேவராஜின் தலையில் கை வைத்து ஜெபிக்க, பாஸ்டரோடு ஒரு பட்டாளமே இறங்கியது. ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள், லில்லி அக்கா கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்டர், அங்கயே நில்லுங்க. ஜெபம் உள்ள போகும்... நீங்க போக வேணாம்!"