அப்பா தானாக நிரப்பிய விண்ணப்பம்

எட்டு வயதிலிருந்து அப்பாவின் கடிதங்களை எழுதுகிறவள் நான்தான். வுப்பர்டால் நகரத்தில் எங்கள் தபால்பெட்டியில் ஜெர்மன் மொழியில் எது விழுந்தாலும் அது நேரே என் பள்ளிக்கூடப் பையின் மேல் வந்து உட்காரும். விசா, வாடகை, வைத்தியர், எல்லாம். "பிள்ளை, இந்த ஆன்ட்ராக்கை ஒருக்கா நிரப்பு" என்பார். ஆன்ட்ராக் என்றால் விண்ணப்பம். எங்கள் வீட்டில் அது சோறு, கறி மாதிரித் தினசரிச் சொல். "நீங்களே எழுதிப் பழகுங்கோ அப்பா" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! "எனக்கு ஏலாது. என்ர தலைக்குள்ள ஏறாது" என்று தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதே தலைக்குள் கசினோவின் ரூலெட் சூதாட்ட மேசை மட்டும் எப்படி ஏறியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் நான் சண்டை பிடிக்கவில்லை. போகிறவர் அளவோடு போகட்டும் என்று சட்டம் போட்டேன்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சட்டைப்பையில் ஐம்பது யூரோ, வங்கி அட்டை அம்மாவிடம். அப்பா ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்தார். ஆனால் கூடப் போகிற மூன்று கூட்டாளிமாரும் தத்தம் வீட்டிலிருந்து அதே சட்டத்தோடு வந்தவர்கள். ஒருவரின் ஐம்பது முடிந்தால், "இந்தா அண்ணை, பிடியுங்கோ" என்று மற்றவர் நீட்டுவார். தோற்றவரைச் சும்மா உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் விளையாடுவது மரியாதை இல்லையாம்! அப்படி நீட்டியதை வாங்கியவர் பெரும்பாலும் எங்கள் அப்பாதான். மாதக்கணக்கில் சேர்ந்த அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க, யாழ்ப்பாணத்தில் இருக்கிற தமக்கையைப் பார்க்க அம்மா சேர்த்திருந்த டிக்கெட் காசில் கைவைத்துவிட்டார்.

அன்று வீட்டை இரண்டாக்கினேன். "மெல்லக் கதை பிள்ளை, மானம் போகுது" என்றார் அப்பா. "மானம் கிடக்கட்டும். அம்மாவின்ர காசெல்லோ போட்டுது!"

அப்பாவை மேசையில் இருத்தி, தன்னைத் தானே தடைசெய்யக் கேட்கும் விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு நாட்டில் எந்தக் கசினோவுக்குப் போனாலும், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறைந்தது ஒரு வருடம். பிறகும் அவராக எழுதிக் கேட்டால்தான் தடை நீங்கும். அந்தக் கடைசி வரியைப் படித்து நான் சிரித்தேன். அப்பாவாவது, எழுதிக் கேட்பதாவது! இது ஆயுள் தடை என்று அம்மாவுக்குச் சத்தியமே பண்ணிக் கொடுத்தேன்.

ஒரு வருடம் ஓடியது. அம்மா மறுபடியும் டிக்கெட் காசைச் சேர்த்துவிட்டார். போன மாதம் அப்பா மெல்ல வந்து பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, அந்தத் தடையை எடுக்கிற ஆன்ட்ராக்கை நிரப்பித் தாவன். இனிப் பாத்துப் பக்குவமா விளையாடுவன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா. என்ர கையால எழுத மாட்டன். வேணுமெண்டா நீங்களே எழுதுங்கோ!"

அவர் எழுந்து போனார். வென்றுவிட்டதாக நினைத்தேன், மடைச்சி.

போன ஞாயிறு மத்தியானம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பிழை இருக்கோ எண்டு மட்டும் பார்." பெயர், பிறந்த திகதி, விலாசம், எல்லாம் பெரிய எழுத்தில், பெட்டிக்கு ஒன்றாக. அடையாள அட்டையின் பிரதியைக்கூட இணைத்திருந்தார். பிரதி, பிரதி என்று நான் ஆயுள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் கேளாத மனிதர்! முகத்தில் பெருமை வேறு. இப்படி ஒரு தாளை அவர் தானாக எழுதவேண்டும் என்றுதானே எட்டு வயதிலிருந்து ஆசைப்பட்டேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, பிழை கிழை கிடக்கோ?" ஒரு பிழையாவது இருக்காதா என்ற ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது.

தாளை இரண்டாம் தரமும் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லை அம்மா. அந்தக் காசைக் கொண்டு வாங்கோ, உங்கட டிக்கெட்டை இப்பவே எடுப்பம்."