டைல்ஸ்காரரிடம் கேட்காத கேள்வி

எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி கூடத்துக்குத் தரை போட்டபோது, போட்டவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். இன்ஜினியரும் மேஸ்திரியும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். குந்தி உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்த டைல்ஸ்காரர்தான் தலையைத் தூக்கினார்.

“அக்கா, கழுவினா தண்ணிய எந்தப் பக்கம் தள்ளுவீங்க?”

“பின்வாசல் பக்கம். ஏன் தம்பி?”

“தரையோட வாட்டம், சரிவு, எதிர்ப்பக்கம் வருது. இப்படியே விட்டா தினமும் தண்ணியோட நீங்க மல்லுக்கட்டணும்.”

மேஸ்திரியிடம் ஏதோ பேசிவிட்டு, போட்ட கலவையைச் சுரண்டி எடுத்து மறுபடி போட்டார். நான் நன்றி சொல்லப் போனால், “கல்லு சரியா உக்காரல, அதான்” என்று சமாளித்தார். ஒன்பது வருஷமாக ஒரு வாளி ஊற்றினால் போதும், தண்ணீர் தானே வாசலைத் தேடிப் போகிறது.

அதே தரையில் அவர் போன வருஷம் கம்பு ஊன்றி வந்தார். டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது விழுந்து, முழங்கால் சில்லு இரண்டாக உடைந்து, ஆபரேஷன் செய்து கம்பி போட்டிருந்தார்கள். பெரிய தெரபிஸ்ட் சார் காலை மடக்கி அளந்தார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிக்கொண்டார். என்ன கூலி என்று கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு பயிற்சியை ஆரம்பித்துவிட்டார்.

ஆறு வாரம் அவர் ஒரு நாள் தவறாமல் வந்தார். கடைசியில் சார் ஃபைலை மூடினார்.

“உங்க இலக்கு முடிஞ்சுது. கம்பில்லாம நடக்கறீங்க, நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறீங்க. இனிமே வர வேண்டாம்.”

“குந்தணும் சார். நான் டைல்ஸ் ஒட்டறவன்.”

“ஃபைல்ல அப்படி இல்லியே. நீங்க கேட்டது நடக்கறதுதான்.”

“நான் எப்ப சார் கேட்டேன்?”

சார் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ‘நோயாளியின் விருப்பம்’ என்ற கட்டத்தில் ‘வலியில்லாமல் நடக்க வேண்டும்’ என்று இருந்தது. கீழே டைல்ஸ்காரர் கையெழுத்து.

கூட வந்திருந்த அவர் சம்சாரம் எட்டிப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரர் தண்ணி வேணும்னு கேக்கறதுக்கே பத்து நிமிஷம் யோசிப்பாரு. இவ்வளவு சுத்தமா எப்ப சார் பேசினாரு? நாற்காலியில உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கா ஆறு வாரமா கூட்டிட்டு வந்தேன்?”

அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் ஆள் வருவதற்கு முன்பே, ஒரு கட்டுப் படிவம் முழுவதிலும் சார் அந்த ஒரே வரியை எழுதி வைத்துவிடுவார். அந்த மேஜையைத் துடைக்கிறவள் நான். படித்தது ஐந்தாவதுதான், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தோள்வலி என்று வந்த அம்மாவுக்கும் அதே வரி. அந்த அம்மா மூன்று மாடி நடந்தே ஏறி வந்தவர். ஆண்டவன்கூட, நமக்கு என்ன வேணும் என்பதை நம் வாயாலேயே சொல்ல விடுகிறான். இந்தக் கட்டம் அதற்குக்கூட இடம் வைக்கவில்லை.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு நானும் அந்த ஆண்டவனுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

“சார், மேஜை மேல இருக்கற புதுப் படிவத்துலயும் அதேதான் எழுதியிருக்கு. இன்னும் ஆளே வரலியே.”

கூடத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“நீங்க தரையைப் பாருங்கம்மா.”

“பாத்துட்டுத்தான் சார் சொல்றேன். இந்தத் தரையே அவர் குந்தி உக்காந்து போட்டதுதான்.”

சார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் தெரபிஸ்ட் சின்ன மேடம், எதுவும் எழுதாத படிவம் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, டைல்ஸ்காரர் எதிரே உட்கார்ந்தார். “இப்ப சொல்லுங்கண்ணா, இந்தக் காலால என்னென்ன செய்யணும்?”

அவர் சொல்லச் சொல்ல அரைப் பக்கம் நிறைந்தது. எவ்வளவு நேரம் குந்துவார், மூலையில் எப்படித் திரும்புவார், எந்தக் கால் முன்னால் வரும், எல்லாம். மேடம் அதற்கேற்ற பயிற்சி கொடுத்தார். இன்னும் எட்டு வாரம் வந்தார். ஆனால் மூட்டு இறுகிவிட்டிருந்தது. உடம்பு தாழ்வான முக்காலி உயரம் வரைக்கும் இறங்கியது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

“முதல் வாரமே சொல்லியிருந்தா வேற மாதிரி ஆரம்பிச்சிருப்போம்ணா.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா.”

முதலிலேயே ஆரம்பித்திருந்தால் குந்த வந்திருக்குமா, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். முயன்றுகூடப் பார்க்கவில்லையே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இப்போது அவர் நின்றபடி கல்லை அளந்து வெட்டிக் கொடுக்கிறார். ஒட்டுவது வேறு ஆள்.

கடைசி நாள் நான் வாளியோடு நின்றிருந்தேன். பின்வாசல் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே போனவர், திரும்பினார்.

“அக்கா, தண்ணி இன்னும் இந்தப் பக்கமே ஓடுதா? எங்கயாவது தேங்கினா சொல்லி அனுப்புங்க. நான் குந்தி உக்காந்து பாக்க முடியாது. ஆளைக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல நின்னு சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்.”