ஈஸ்டர் விருந்துக்கு அம்மா செய்த புட்டிங்

மேரி பிஸ்கட்டைக் காபியில் நனைத்து அடுக்கத் தொடங்கியதுமே, அந்த மணத்தோடு பழைய கோபமும் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உப்பளத்தில் வேலை செய்த அம்மா, ஆரோவிலில் வெள்ளைக்காரர்களுக்குச் சமைக்கும் சித்தியிடம் கேட்டு, அடுப்பில் வேகவைக்காமல் செய்த இதே பிஸ்கட் புட்டிங்கை மாதா கோவிலில் நடந்த ஈஸ்டர் விருந்துக்குக் கொண்டுபோனாள். பந்தியைக் கவனித்த ரீட்டா ஆன்ட்டி, "உப்பு வார்ற கையால செஞ்சதா? ஓரமா வைம்மா" என்றாள்.

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு அதைப் பங்கிட்டாள். ரீட்டா ஆன்ட்டியின் மகளும் கை நீட்டினாள். அவளுக்கும் கொடுத்தாள்.

"அவளுக்கு ஏம்மா குடுத்த?" என்று கத்தினேன்.

"அந்தப் புள்ள என்னாடி பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அம்மா மறந்திருப்பாள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நாளை ஈஸ்டர். ரீட்டா ஆன்ட்டிக்கு இந்தப் புட்டிங்கை நானே பரிமாறுவேன். எங்கம்மா கைப்பக்குவம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான்.