மாமாவும் ஆறு மாத விதியும்

கண்டி நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்கு வேலை. சேர வருபவர்களின் விண்ணப்பங்களைப் படித்து, அவர்கள் எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். "நோய் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்கு எல்லோரும் "இல்லை" என்றே எழுதுவார்கள். ஐம்பது வயதுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லையாம். பத்து வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாரையும் நம்பாத புத்தி வந்துவிடும். எனக்கு வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒனக்கு இந்த வேலை கெடச்சது என் அதிர்ஷ்டம்" என்பார் என் கணவர்.

எங்கள் தெருவில் ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டினால், வீட்டில் ஒருவர் தவறிப்போகும்போது பெட்டி, கூடாரம், உட்காரக் கதிரைகள், வருபவர்களுக்குச் சாப்பாடு, பாதையோரம் கட்டும் வெள்ளைக் கொடி வரைக்கும் சங்கமே பார்த்துக்கொள்ளும். விண்ணப்பம், டாக்டர் சான்றிதழ் எதுவும் கிடையாது. வயதானவர் யாரையாவது புதிதாகச் சேர்ப்பதென்றால் தலைவரும் பொருளாளரும் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, ஆளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பெண் பார்க்க வருவது போலத்தான்.

எனக்கு அலுவலக அனுபவம் இருப்பதால் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். அந்த வருடமே ஒரு வீட்டில், ஆஸ்பத்திரியில் கைவிட்ட உறவினரைக் கூட்டிவந்து வெள்ளிக்கிழமை சேர்த்தார்கள். திங்கட்கிழமை நாங்கள் வெள்ளைக் கொடி கட்டினோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்படியே போனா சாகப் போறவங்க மட்டும்தான் சங்கத்துல சேருவாங்க. திடமா இருக்கிறவங்க எல்லாம் கழண்டுருவாங்க" என்று கூட்டத்தில் எழுந்து பேசினேன். சேர்ந்து ஆறு மாதம் முடியும் முன் இறந்தால் உதவி இல்லை என்று விதி கொண்டுவந்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அடுத்த வருடம் என் மாமா, அதாவது கணவரின் அப்பா, எங்களோடு வந்து சேர்ந்தார். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியே காலம் கழித்த மனிதர். மாமி இறந்தபின் தோட்டத்து லயத்து அறையில் தனியாக இருந்தார். மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும் கூட்டிவந்துவிட்டோம். பேராதனை ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்து, இதயம் மிகவும் பலவீனம், குளிசையை ஒழுங்காகப் போட்டால் நாள் ஓடும், விட்டால் சொல்ல முடியாது என்றார். மாமா சுவரைப் பார்த்தபடி காது கேளாதவர் போல நின்றார்.

சங்கத்தைப் பற்றித் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க மாமி போனப்ப கதிரைக்கு வீடு வீடா போய் நின்னேன் புள்ள. என் சாவுக்கு எம் மகன் அப்படி நிக்கக் கூடாது. என்னையும் சேத்து விடு."

"சேக்கிறேன் மாமா. ஆனா நெஞ்சு வருத்தத்த மறைக்காம சொல்லணும்."

"நீ பேசாம இரு."

ஞாயிற்றுக்கிழமை தலைவரும் பொருளாளரும் கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது மாமா, மீசைக்கு மை பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, விறகு பிளந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. அந்த விறகை எங்கே பிடித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஐயாவுக்கு வருத்தம் எதும் இருக்கா?" என்று கேட்டார் பொருளாளர்.

"எனக்கா?" என்று சிரித்தார் மாமா. அதற்குமேல் பேச அவருக்கு மூச்சில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து வருடமாகப் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். அவர்கள் போனதும் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டிக்கொண்டே முதுகைத் தடவிவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில்தான் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மனசு கேட்கவில்லை. மறுநாள் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். என்னைத் தன் மொழியில் 'துவ', மகளே, என்றுதான் கூப்பிடுவார். "துவ, சுகமா இருக்கிற மனுசன் ஆள் வார நேரம் பாத்து வெறகு வெட்டுறதா?" என்று சிரித்தார். பொருளாளரும் மாமாவை கிளினிக் வரிசையில் பார்த்திருந்தாராம். "ஒங்க ரூல் இருக்குதானே. ஆறு மாசம் இருந்தா சரி."

அந்த ஆறு மாதமும் மாமாவைப் போல ஒரு நோயாளியை நான் கண்டதில்லை. சமையலறைக் கதவில் கலண்டர் மாட்டி, குளிசை விழுங்கியதும் அன்றைய தேதியில் ஒரு கோடு போடுவார். உப்பைக் குறைத்தார். கருவாட்டை விட்டார். "இப்ப செத்தா நட்டம் புள்ள" என்பார். வாழ ஆசை வந்துவிட்டதென்று நான் அலுவலகத்தில் பெருமை பேசித் திரிந்தேன்.

கடைசிக் கோடு போட்ட அன்று அவரே கருவாடு வாங்கிவந்து பொரிக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். பத்து நாள் கழித்து, அவருடைய ஜன்னலுக்கு வெளியே அந்தூரியப் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மண்ணில் அவருடைய குளிசைகள் பாதி கரைந்து கிடந்தன.

காப்புறுதி கிடைத்த தைரியத்தில் கதவைப் பூட்டாமல் தூங்குகிறவர்களைப் பற்றி அலுவலகத்தில் எத்தனையோ கதை பேசியிருக்கிறோம். என் வீட்டில் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கணவர் சத்தம் போட்டார். "என் வேலை முடிஞ்சிருச்சுப்பா. இனி போனா ஒங்களுக்குக் கரச்சல் இல்ல" என்றார் மாமா, சாதாரணமாக. நான் குளியலறையில் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

அந்த ஞாயிறு தலைவர் சங்கத்துக் கூட்டக் கொப்பியோடு வந்தார். மாமாவின் முன் விரித்து வைத்து, விரலை ஓட்டி வாசித்தார். "ஐயா, ரூல் மாத்தினது. இப்ப ஆறு மாசம் பத்தாது. ஒரு வருசம் இருக்கணும்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதான செக்ரட்டரி?"

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க மாமா. நான் ஒருத்தி என்ன செய்ய?"

அன்று மாலையே குளிசை கேட்டார். வருடம் முடிந்ததும் விதி இரண்டு வருடமானது, அப்புறம் மூன்று. ஒவ்வொரு தடவையும் தலைவர் அதே கொப்பியோடு வந்து வாசித்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் தலைவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை. மூன்று வருடக் கெடு முடிந்து மூன்று நாளான பிறகுதான் ஞாபகம் வந்தது. அரை நாள் லீவு போட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, வழி முழுக்க அந்தூரியச் சட்டியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தண்ணீர்க் குவளை, உள்ளங்கையில் குளிசைகள். மூன்று நாளும் கலண்டரில் கோடு விழுந்திருந்தது.

"என்ன புள்ள, இந்த வருசம் இன்னும் ரூல் மாத்தலையா?" என்று கேட்டார்.

கைப்பையைக் கீழே வைத்தேன். "எப்ப இருந்து மாமா தெரியும்?"

"மொத நாளே. எனக்கு எழுத்துத் தெரியாது. வெறும் பக்கம் தெரியாமயா போகும்? அந்த மனுசன் ஒன்னுமில்லாத பக்கத்துல வெரல வச்சு அவ்வளவு நேரம் வாசிச்சாரு. சரி, நான் இருக்கணும்னு இந்தப் புள்ளைக்கு ஆச இருக்குன்னு வெளங்கிருச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாத்தியாச்சு மாமா. இனி பத்து வருசம்."

"பத்தா?" என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு குளிசைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.